கணக்கில் வராத பயணிகள்

போன மாதம் அக்கா தன் ஒரு வயதுப் பையனோடு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தாள். துணைக்கு நான். ஒரே ஒரு ராத்திரி ரயில் பயணம். அதற்கு அவள் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்தால் குடித்தனமே மாற்றுகிறாள் என்று நினைப்பீர்கள். வெந்நீர் பிளாஸ்க் இரண்டு, பால் பவுடர், கஞ்சி மாவு, காய்ச்சல் சிரப், வயிற்றுவலி மருந்து, எட்டுச் செட் மாற்றுத்துணி. "எதுக்குக்கா இவ்வளவு? காலையில போய் இறங்கிடப் போறோம்" என்றேன். "உனக்குத் தெரியாது, பேசாம தூக்கிட்டு வா" என்றாள். விழுப்புரம் தாண்டுவதற்குள் பையன் மூன்று செட் துணியைக் காலி செய்துவிட்டான். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. :-)

அன்றைக்கு என் பையில் இருந்தது வரலாற்றுப் பாடத்துக்காக எடுத்த குறிப்புகள். 19ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல்களில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றியவை. ஒரு ராத்திரிக்கே இந்தப் பாடு என்றால், கைக்குழந்தையோடு 80 ராத்திரி, 100 ராத்திரி கடலில் போனவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பிளாஸ்க் கிடையாது, பால் பவுடர் கிடையாது, இறங்கி ஓட ஒரு ஸ்டேஷன் கிடையாது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

இது செத்துப்போன பழைய கேள்வி என்று நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் ஓர் அமெரிக்கத் தம்பதி 36 அடிப் பாய்மரப் படகில் பசிபிக் கடலைக் கடந்துகொண்டிருந்தார்கள். கூட இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றுக்கு 3 வயது, மற்றதற்கு 1 வயது. மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 900 மைல் தொலைவில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து, கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை. உதவி கேட்டார்கள். மீட்பு வீரர்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் கடலில் குதித்து முதலுதவி செய்தார்கள். பிறகு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டது. குழந்தை பிழைத்தது. ஆனால் உலகம் முழுக்கச் சண்டை தொடங்கியது. "இது பெற்றோர் செய்கிற காரியமா?" என்று ஒரு கட்சி. "குழந்தை வளர்ப்பில் தலையிட நீங்கள் யார்?" என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் பேசியது பெற்றோரின் துணிச்சலைப் பற்றித்தான். குழந்தைக்குக் கடலில் ஆபத்து சரியாக எங்கிருந்து வருகிறது என்று யாரும் நிதானமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு 1852லேயே மிகக் கொடுமையான ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

நான்கு கப்பல்கள்

முதலில் பின்னணி. 1851ல் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தது. ஆடு மேய்த்தவர்கள், கூலிகள், மாலுமிகள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுத் தங்கம் தோண்ட ஓடினார்கள். கம்பளி ஏற்றுமதியை நம்பியிருந்த நாட்டில் மேய்ப்பதற்கு ஆளில்லை. "ஆள் அனுப்புங்கள், சீக்கிரம் அனுப்புங்கள்" என்று லண்டனுக்குக் கடிதமாகப் போனது. அங்கே 1840 முதல் குடியேற்ற ஆணையம் ஒன்று இயங்கிவந்தது. ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாலும் அரசுச் செலவில் கப்பலேற்றுவது அதன் வேலை.

அதே நேரத்தில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் 1846 முதல் உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம். நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வேறு. ஆக, அங்கே ஆள் வேண்டும், இங்கே ஆள் இருக்கிறது. நடுவில் 12,000 மைலுக்கும் மேல் கடல்.

அவசரத்தில் ஆணையம் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று, வழக்கமான கப்பல்களை விட்டுவிட்டு மிகப் பெரிய கப்பல்களை வாடகைக்குப் பிடித்தது. இவற்றில் பயணிகளுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தளங்கள். இரண்டாவது, சிறு குழந்தைகள் பற்றிய விதியைத் தளர்த்தியது. அதுவரை 7 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகளுக்கு மேலோ, 10 வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகளுக்கு மேலோ உள்ள குடும்பங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. 1852ல் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு இப்படிப் போன பெரிய கப்பல்கள் நான்கு: போர்னஃப், மார்கோ போலோ, வனாட்டா, டைகொண்டரோகா.

மார்கோ போலோ கப்பல் உலகப் புகழ் பெற்றது. 1852 ஜூலை 4 அன்று சுமார் 930 பேருடன் லிவர்பூலிலிருந்து கிளம்பி 76 நாளில் மெல்போர்ன் பக்கம் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக 100 நாளுக்கு மேல் ஆகிற பயணம் அது. போய்த் திரும்பி டிசம்பர் 26 அன்று லிவர்பூலுக்கே வந்துவிட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை! உலகத்திலேயே வேகமான கப்பல் என்று துணியில் எழுதிப் பாய்மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

அதே பயணத்தில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு சிலரைத் தவிர எல்லாரும் குழந்தைகள். காரணம் தட்டம்மை, நம் ஊரில் மணல்வாரி என்போமே, அதுதான். போர்னஃப் கப்பலில் இறந்தவர்கள் 80க்கும் மேல். அதிலும் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள்.

டைகொண்டரோகாவின் கதை வேறு மாதிரி. ஆகஸ்ட் 4 அன்று லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்கன்ஹெட்டிலிருந்து 795 பேருடன் கிளம்பியது. பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். வழியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. (டைஃபாய்டு இல்லை. இது சீலைப்பேன் மூலம் பரவுகிற வேறு நோய்.) 90 நாளுக்குப் பிறகு நவம்பர் முதல் வாரத்தில் மெல்போர்ன் விரிகுடாவின் வாசலில் மஞ்சள் கொடியோடு வந்து நின்றபோது, வழியிலேயே 100 பேர் இறந்திருந்தார்கள். மீதிப் பேரை பாயின்ட் நெப்பியன் என்ற இடத்தில் இறக்கித் தனிமைப்படுத்தினார்கள். அங்கே மேலும் சுமார் 70 பேர் போய்விட்டார்கள். டைஃபஸ் காய்ச்சல் குழந்தைகளைவிடப் பெரியவர்களைத்தான் அதிகம் கொல்லும். அதனால் குழந்தைக்கு வருகிற ஆபத்தின் இன்னொரு முகம் இங்கே தெரிகிறது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும், அம்மாவோ அப்பாவோ இருக்க மாட்டார்கள். ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள். இங்கே ஒரு சொந்தத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வந்த கடலையெல்லாம் திரும்பக் கடக்க வேண்டும்.

அரை ஆள், பூஜ்ய ஆள்

இந்தக் குறிப்புகளைப் படித்தபோது என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலப் பயணிகள் சட்டங்களில் "சட்டப்படி ஓர் ஆள்" என்று ஒரு கணக்கு வரும். 14 வயதும் அதற்கு மேலும் என்றால் ஓர் ஆள். ஒன்று முதல் 14 வயதுக்குள் என்றால் அரை ஆள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் கணக்கிலேயே கிடையாது, பூஜ்யம்.

கேட்பதற்கு நம் பஸ் டிக்கெட் மாதிரி இருக்கிறது இல்லையா? டிக்கெட் விலைக்கு மட்டும் என்றால் சலுகைதான். ஆனால் கப்பலில் படுக்கும் இடம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான். ஓர் ஆளுக்குப் படுக்கைப் பலகை 6 அடி நீளம், 18 அங்குல அகலம். அரை ஆளுக்கு அதில் பாதி. பூஜ்ய ஆளுக்கு அம்மாவின் மடி.

கைக்குழந்தைக்கு ரேஷன் இல்லை, ஏனென்றால் அது தாய்ப்பால் குடிக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் தாய் முதல் இரண்டு வாரம் கடல் மயக்கத்தில் எழுந்திருக்கவே மாட்டாள். உள்ளே எதுவும் தங்காது. அவளுக்கே கிடைப்பது உப்புக்கண்டமும் கல் மாதிரி பிஸ்கட்டும். பால் வற்றிவிடும். அப்போது அந்தக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது? பிஸ்கட்டைப் பீப்பாய்த் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுப்பார்கள். வாரக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடந்த தண்ணீர். அடுத்து வயிற்றுப்போக்கு. கெட்டிப்பால் செய்யும் முறைக்கு கெயில் போர்டன் காப்புரிமை வாங்கியதே 1856ல்தான். நம் அக்காக்களின் பையில் இன்று இருக்கிற பொருள்கள் பல அன்று அந்தத் தாய்மார்களுக்குக் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் பிழைத்தார்கள், குழந்தைகள் ஏன் இல்லை?

கடல் பயணம் என்றதும் நமக்குப் புயலும் கப்பல் மூழ்குவதும்தான் நினைவுக்கு வரும். அதுவும் நடந்தது. 1845 ஆகஸ்டில் கட்டரகுய் என்ற குடியேற்றக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிங் தீவருகே பாறையில் மோதி உடைந்தது. 409 பேரில் பிழைத்தவர்கள் 9 பேர். ஆனால் இப்படிப்பட்டவை அபூர்வம். பயணிகள் பதிவேடுகளைக் கப்பல் கப்பலாக எண்ணிப் பார்த்த வரலாற்று ஆய்வாளர்கள் ஓர் ஆச்சரியமான விஷயத்தைச் சொல்கிறார்கள். 1850களுக்குப் பிறகு அரசுக் கப்பல்களில் ஆஸ்திரேலியா போன பெரியவர்களின் இறப்பு விகிதம், அவர்கள் ஊரிலேயே இருந்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. சிறு குழந்தைகள், குறிப்பாகக் கைக்குழந்தைகள், ஊரில் இருந்ததைவிடப் பல மடங்கு இறந்தார்கள். ஒரே கப்பல், அதே கடல், அதே காற்று!

காரணங்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தொற்று. தட்டம்மை உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய சுமார் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கப்பலேறும் முன்பு மருத்துவர் எல்லாரையும் பார்ப்பார், ஆனால் உள்ளே நோய் ஊறிக்கொண்டிருக்கிற குழந்தை அன்று நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். 76 நாள் பயணத்தில் நோய் ஒரு பிள்ளையிலிருந்து அடுத்த பிள்ளைக்கு ஐந்தாறு சுற்று போக நேரம் இருக்கிறது. ஒதுக்குப்புறமான தீவிலிருந்து வந்த குழந்தைக்கு இந்த நோயை முன்பின் பார்த்த பழக்கமே உடம்புக்கு இருக்காது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை முதலில் பர்கன்ஹெட் முகாமில் ஒன்றாகத் தங்கவைத்து, பிறகு ஒரே மரப்பெட்டிக்குள் அடைத்தார்கள். அம்மை பரவ இதைவிட நல்ல இடம் வேண்டுமா? தட்டம்மைக்குத் தடுப்பூசி வந்தது 1963ல்.

இரண்டாவது, காற்று. வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகக் கப்பல்கள் தெற்கே வெகுதூரம் இறங்கி, பலத்த மேலைக்காற்று வீசும் கடலைப் பிடித்துப் போகும். பூமத்திய ரேகை வெயிலில் வெந்தவர்கள் சில வாரத்தில் நடுங்கும் குளிருக்குள் போவார்கள். அலை மேலே ஏறும்போது கீழே இறங்கும் வழிகளையெல்லாம் பலகை போட்டு மூடிவிடுவார்கள். இரண்டு தளக் கப்பலில் அடித்தளத்துக்குக் காற்றும் வெளிச்சமும் ஏற்கெனவே குறைவு, மூடிய பிறகு கேட்கவே வேண்டாம். குளிருக்கு இருக்கிற துணியையெல்லாம் மேலே மேலே போட்டுக்கொள்வார்கள், துவைக்க வழி கிடையாது. சீலைப்பேன் பெருகும். டைஃபஸ் காய்ச்சல் சீலைப்பேனால்தான் பரவுகிறது என்று ஷார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909ல். 1852ல் கெட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்துத் தளத்தில் சுண்ணாம்புத்தூள் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, தூரம். நடுவில் எங்கும் நிற்காத பயணம். ஊரில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பசும்பால், மூலிகை தெரிந்த ஒரு கிழவி, ஏதோ ஒன்று இருக்கும். கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது மட்டும்தான். பெரியவர் உடம்பு நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். ஒரு வயதுக் குழந்தை வயிற்றுப்போக்கில் ஒரே நாளில் வாடிவிடும். அதற்கு நேரம் மிகக் குறைவு.

பெற்றோர் முட்டாள்களா?

இல்லை என்பதுதான் என் எண்ணம். 1850களில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பெருநகரச் சேரிகளில் இன்னும் மோசம். ஸ்காட்லாந்துத் தீவுகளில் பட்டினி. வீட்டில் இருந்தாலும் ஆபத்து, கிளம்பினாலும் ஆபத்து. 1852ல் தொடங்கிய மேட்டுநில-தீவுக் குடியேற்றச் சங்கம் உதவி செய்தபோது குடும்பமாகப் போக வேண்டும் என்று வற்புறுத்தியது. குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே இல்லை. அவர்கள் கையில் இருந்த தேர்வு அவ்வளவுதான்.

ஆனால் கப்பலில் எத்தனை குழந்தைகளை ஏற்றலாம், எத்தனை தளம் இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தவர்கள் பெற்றோர் அல்ல. விதியைத் தளர்த்தியவர்களுக்கு ஆபத்து தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1837-38ல் சிட்னிக்குப் போன லேட்டன் கப்பலில் தட்டம்மையில் இறந்த குழந்தைகள் சுமார் 70. சிறு பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களுக்கு வரம்பு வைத்திருந்ததே இப்படிப்பட்ட அனுபவத்தால்தானே. தெரிந்து வைத்திருந்த வரம்பை, ஆள் அவசரம் என்றதும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலித்த இடம் இதுதான்.

பிறகு என்ன மாறியது?

நான்கு கப்பல்களின் செய்தி லண்டனுக்குப் போனதும் ஆணையம் இரண்டு தளக் கப்பல்களைக் கைவிட்டது. சிறு குழந்தைகளின் எண்ணிக்கைக்கு மறுபடி வரம்பு வந்தது. குழந்தைகளுக்கென்று கெட்டிப்பால், ஆரோரூட் போன்றவை போகப் போக ரேஷனில் சேர்ந்தன.

மருத்துவர் விஷயம் இன்னும் பழையது, கொஞ்சம் விசித்திரமானதும்கூட. 1814ல் சிட்னிக்கு வந்த மூன்று கைதிக் கப்பல்களில் நிறையப் பேர் இறந்ததால், வில்லியம் ரெட்ஃபர்ன் என்ற மருத்துவர் ஓர் அறிக்கை கொடுத்தார். இவரே கைதியாக வந்து விடுதலையானவர். அதன் பிறகு ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் அதிகாரம் உள்ள ஒரு மருத்துவர் போனார். குடியேற்றக் கப்பல்களும் பின்னால் இதையே பின்பற்றின. காலையில் படுக்கையை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து உதற வேண்டும், தளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், சமையலைச் சோதிக்க வேண்டும், இதெல்லாம் அவர் பொறுப்பு. உயிரோடு கரையிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குப் பணம். மனிதாபிமானத்தோடு கொஞ்சம் கணக்கையும் சேர்த்தால் வேலை நடக்கும் என்று யாரோ புரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1852ல் போன அந்த நான்கு கப்பல்களிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். எட்டுநூறு, தொள்ளாயிரம் பேரை இரண்டு தளங்களில் அடைத்துவிட்டு ஓரிரு மருத்துவரை அனுப்பினால் அவர் சவப்பதிவேடு எழுதத்தான் முடியும்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த டிரூரோ கப்பலில் 342 பேர் இருந்தார்கள், குழந்தைகள் உட்பட. அவர்கள் போனது ஒப்பந்தக் கூலிகளாக, அது வேறு பெரிய கதை, தனிப் பதிவு எழுத வேண்டும். ஆனால் மேற்பார்வை மருத்துவர் என்ற ஏற்பாடும், குழந்தையை அரை ஆளாக எண்ணும் வழக்கமும் ஒப்பந்தக் கூலிக் கப்பல்களிலும் இருந்தன.

மறுபடி 2014

இப்போது அந்த அமெரிக்கக் குடும்பத்தைப் பார்ப்போம். அவர்கள் கப்பலில் நெரிசல் இல்லை, சீலைப்பேன் இல்லை. மருந்துப்பெட்டி இருந்தது, செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. 1852ன் மூன்று காரணங்களில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது மட்டும் அப்படியே இருக்கிறது: தூரம். 900 மைல் தாண்டிய பிறகு ஒரு வயதுக் குழந்தையின் காய்ச்சலுக்கு அவகாசம் அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவே. அந்த அவகாசத்துக்குள் விமானமும் வீரர்களும் வந்து சேர்ந்ததால் குழந்தை பிழைத்தது.

எனவே "குழந்தையோடு கடலில் போகலாமா கூடாதா" என்று ஆம்-இல்லை பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தாங்குவதை வைத்துக் குழந்தை தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. குழந்தை அரை ஆள் இல்லை. தண்ணீரும் காற்றும் மருந்தும் அதற்குத்தான் இரண்டு மடங்கு வேண்டும். போவதா என்று முடிவெடுக்கும் பேச்சில் அதற்கு வாயும் இல்லை. ஆகவே அதன் பங்கை வேறு யாராவது கேட்க வேண்டும். 1852ல் அந்த இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் இறங்கியபோது எட்டுச் செட் துணியும் தீர்ந்து, பையன் என் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். அடுத்த முறை பத்துச் செட் எடுக்கச் சொல்லி அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன்.